பாலி போறோம், அம்மா தாலிக்கொடிய கழட்ட மாட்டேங்கறாங்க. அங்க திருட்டு பயம் உண்மையாவே இருக்கா?

சூலூர்க்காரன்:

வணக்கமுங்க. ஜூலை கடைசில குடும்பத்தோட பாலி போறமுங்க, நான், வீட்டுக்காரம்மா, 6 வயசு பையன், அப்பா, அம்மா, மொத்தம் அஞ்சு பேர். கோயமுத்தூர்ல ஏறி சிங்கப்பூர்ல மாறி போறோம். மூணு நாள் செமின்யாக்ல ஒரு வில்லா, ரெண்டு நாள் உபுட், கடைசி ரெண்டு நாள் உலுவாட்டு பக்கம். அப்பா அம்மாவுக்கு இதான் முதல் வெளிநாடு, ஆறு மாசமா சீட்டுப் பணம் எடுத்து ப்ளான் பண்ணது.

எல்லாம் நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு, போன வாரம் என் மச்சினன் ஃபேமிலி குரூப்ல ஒரு வீடியோ போட்டு விட்டான், பாலில ஸ்கூட்டர்ல வந்த ரெண்டு பசங்க ஒரு வெள்ளைக்காரம்மா பைய இழுத்துட்டு போறாங்க, அந்தம்மா ரோட்டுல உருளுது. அதுல இருந்து அம்மாவுக்கு தூக்கமில்ல, "அந்த ஊருக்கு எதுக்குடா கண்ணு போவோணும், பேசாம கேன்சல் பண்ணு"ன்னு தினமும் பாட்டு. சரி அப்ப 7 பவுன் தாலிக்கொடிய வீட்டுல வெச்சுட்டு வாங்கன்னா அது மட்டும் முடியாதாம், கழுத்த விட்டு கழட்டுனதே இல்லையாம்.

போனவங்க கொஞ்சம் சொல்லுங்க. கொடி போட்டுட்டு வரலாமா, பாஸ்போர்ட்ட கையில வெச்சுக்கறதா ரூம்ல வைக்கறதா, பீச்ல எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்குனா ஃபோனு பர்ஸெல்லாம் யாரு பாத்துக்கறது, காசு எவ்வளவு எடுத்துட்டு போறது. கூகுள்ல தேடுனா ஒருத்தன் சொர்க்கம்ங்கறான் இன்னொருத்தன் கொள்ளைக்கூடாரம்ங்கறான்.

தாமிரபரணி தண்ணி:

அண்ணே சும்மா பயப்படாதிய. நான் 2019ல பத்து நாள் இருந்தேன், ஒரு குண்டூசி தொலையல. ராத்திரி பூரா ஸ்கூட்டர் ரோட்டோரம் நிக்கும், அதுமேல ஹெல்மெட் தொங்கும், ஒருத்தனும் தொட மாட்டான். நம்மூர்ல கோயில் வாசல்ல விட்ட செருப்பு திரும்பி வரும்போது இருக்கான்னு யோசிங்க. வீடியோ பாத்து பயந்தா வீட்ட விட்டே இறங்க முடியாது. ஜாலியா போய்ட்டு வாங்க.

நித்து82:

தண்ணி அண்ணா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கறது சந்தோஷம், ஆனா அத வெச்சு அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க ப்ளீஸ். எனக்கு ஆச்சு.

போன வருஷம் நானும் அவரும் போயிருந்தோம், சாங்கு ஏரியா. ராத்திரி ஒம்பது மணி இருக்கும், சாப்டுட்டு ரூமுக்கு நடந்து வர்றோம், மொத்தமே 600 மீட்டர்தான். அங்க நடைபாதைன்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கு, பாதி இடத்துல சிலாப் ஒடஞ்சிருக்கும், அதனால ரோட்டு ஓரமா நடந்துதான் ஆகணும். நான் ரோட்டுப் பக்கம், அவர் சுவத்துப் பக்கம், கையில ஃபோன், மேப் ஓப்பன்ல இருக்கு, அந்த ப்ளூ புள்ளிய பாத்துக்கிட்டே போறேன். பின்னாடி ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சு, அங்க நூறு ஸ்கூட்டர் போகும் யார் திரும்பி பாப்பா. பின்சீட்டுல இருந்தவன் என் கையில இருந்து ஃபோன எடுத்தான், பிடுங்கினான்னு கூட சொல்ல முடியாது, ஏதோ நான் நீட்டின மாதிரி எடுத்துட்டு போய்ட்டான். முன்னாடி கடை வாசல்ல பூ தட்டு வெச்சு கும்பிட்டுக்கிட்டு இருந்த அம்மாதான் "ஜம்ப்ரெட்! ஜம்ப்ரெட்!"னு கத்திச்சு, எனக்கு அப்பவும் புரியல. அவர் கொஞ்ச தூரம் ஓடிட்டு திரும்பி வந்தார். அவ்வளவுதான்.

ஃபோன் போனது கூட பரவால்லங்க, அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதல் விஷயம், ஃபோன் லாக் ஆகாம ஓப்பன்ல போச்சு. ரெண்டாவது, என் சிம் அதுலதான் இருந்துச்சு, ஓடிபி எல்லாம் அவன் கையில. சரி பேங்குக்கு கூப்ட்டு ப்ளாக் பண்ணலாம்னா கார்டு பின்னாடி இருந்த நம்பர் 1800ல ஆரம்பிக்குது, அது வெளிநாட்டுல இருந்து போகவே போகாது. எனக்கு அது தெரியாது, அஞ்சு தடவ போட்டு பாத்தேன். கடைசில சேலத்துல இருக்கற என் தம்பிய எழுப்பி அவன் அங்கிருந்து பேங்குக்கு அடிச்சு, அவங்க என்கிட்டதான் பேசணும்னு சொல்லி, அவன் ரெண்டு ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு வாய்க்கு வாய் வெச்சு... 40 நிமிஷம் ஆச்சு. காசு எதுவும் போகல, அது என் சாமர்த்தியம் இல்ல, அவனுக்கு ஃபோன விக்கறதுலதான் ஆர்வம் போல.

அதனால போறதுக்கு முன்னாடி இத மட்டும் செஞ்சுடுங்க. உங்க பேங்கோட +91ல ஆரம்பிக்கற நம்பர தேடி ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல ஒண்ணு பெட்டில ஒண்ணு வைங்க. ஓடிபி வர்ற சிம்ம பழைய பட்டன் ஃபோனோ உடஞ்ச ஃபோனோ எதுலயாவது போட்டு ரோமிங் ஆன் பண்ணி ரூம்லயே விட்டுடுங்க, வெளிய சுத்தற ஃபோன்ல லோக்கல் சிம் இல்லன்னா இ-சிம் போதும். யுபிஐ ஆப், பேங்க் ஆப் எல்லாத்தையும் சுத்தற ஃபோன்ல இருந்து தூக்கிடுங்க. ஐஃபோன்னா செட்டிங்ஸ்ல ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்னு ஒண்ணு 2024ல வந்துச்சு, ஆண்ட்ராய்ட்லயும் தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்னு ஒண்ணு இருக்கு, யாராவது பிடுங்கிட்டு ஓடற மாதிரி தெரிஞ்சா ஃபோனே லாக் ஆகிக்கும், ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. எனக்கு அப்ப இதெல்லாம் தெரியாது.

இன்னொண்ணு, ஊருக்கு வந்து பத்து நாள் கழிச்சு "உங்க ஃபோன் கிடைச்சிடுச்சு, இந்த லிங்க்ல லாகின் பண்ணி லொக்கேஷன் பாருங்க"ன்னு அவர் நம்பருக்கு மெசேஜ் வந்துச்சு. அச்சு அசல் கம்பெனி மெசேஜ் மாதிரியே. அது திருடன் குரூப்போட வேலை, பாஸ்வேர்ட் வாங்கி ஃபோன அன்லாக் பண்ணி விக்கறதுக்கு. நான் கிட்டத்தட்ட க்ளிக் பண்ணிட்டேன்.

அம்மா கொடி விஷயம்: எங்க மாமியாருக்கும் இதே சண்டைதான். மஞ்சக்கயித்துல தாலிய மட்டும் கோத்து போட்டுட்டு கொடிய பேங்க் லாக்கர்ல வெச்சோம். "கயிறுதான் ஒரிஜினல் அத்தை, கொடியெல்லாம் வசதி வந்தப்புறம் வந்தது"ன்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. அங்க செயின் அறுக்கறது பை இழுக்கற அளவுக்கு இல்ல, ஆனா ஓடற ஸ்கூட்டர்ல இருந்து இழுத்தா செயினோட ஆளும் விழுவாங்க, அந்த வயசுல விழுந்தா இடுப்பு போய்டும். பயம் நகைக்கு இல்ல.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் ஸ்கூட்டர் திருடனையே பேசறீங்க, ஏசி கூட இல்லாத ரூம்ல சிரிச்ச முகத்தோட உக்காந்து திருடறவன பத்தி யாரும் சொல்லல. மணி சேஞ்சர். நம்மாளுங்க பாலில அதிகமா ஏமாறறது இங்கதான், ஏன்னா நம்ம ரத்தத்துல ஒண்ணு ஊறியிருக்கு, எங்க ரேட் நாலு காசு கூட இருக்கோ அங்க ஓடறது.

கூட்டா, லெகியான் பக்கம் தெருவுக்கு பத்து இருக்கும், பாதி துணிக்கடைக்கு உள்ள ஒரு மேஜ போட்டு உக்காந்திருப்பான். மத்த இடத்துல டாலருக்கு 16,000 ரூப்பியா (அந்த ஊரு காசு)ன்னா இவன் போர்டுல 16,400, கமிஷன் இல்லன்னு எழுதியிருப்பான். நீங்க 200 டாலர் நீட்டுறீங்க, 32 லட்சத்து 80 ஆயிரம் ரூப்பியா வரணும். அத லட்ச ரூப்பியா நோட்டா குடுத்தா 32 நோட்டும் கொஞ்சம் சில்லறையும், முடிஞ்சு போச்சு. குடுக்க மாட்டான். 50 ஆயிரம் நோட்டு, 20 ஆயிரம் நோட்டா குடுப்பான், மேஜ மேல குட்டி குட்டியா பத்து அடுக்கு போடுவான். நீங்க எண்ணுவீங்க, சரியா இருக்கும். எண்ணி முடிச்சதும் "ஒரு நிமிஷம் சார் நானும் ஒருக்கா எண்ணிக்கறேன்"னு வாங்குவான், எண்ணுவான், கட்ட மேஜ விளிம்புல ரெண்டு தட்டு தட்டி சீர் பண்ணுவான் பாருங்க, அந்த தட்டுல அடில இருக்கற ஏழெட்டு நோட்டு மேஜைக்கு அந்தப்பக்கம் டிராயருக்குள்ள விழுந்திடும். சத்தமே வராது. நான் என் கண்ணு முன்னாடி பாத்தும் கண்டுபிடிக்கல, ரூமுக்கு வந்து எண்ணுனப்ப நாலு லட்சம் கம்மி, நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. திரும்பி போய் கேட்டா அந்த மேஜயில வேற ஆளு உக்காந்திருக்கான், எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறான்.

ரூல் ஒண்ணே ஒண்ணுதான், கடைசியா எண்ணுன கை உங்க கையா இருக்கணும். நீங்க எண்ணுனதுக்கப்புறம் அவன் நோட்ட தொட்டான்னா மறுபடி முதல்ல இருந்து எண்ணுங்க, வெக்கப்படாதீங்க. அவனோட கால்குலேட்டர நம்பாதீங்க, நம்ம ஃபோன்ல போடுங்க. பாங்க் இந்தோனேசியா லைசென்ஸ் வாங்குன கடைல "பிவிஏ பெரிஸின்"னு முத்திர ஒட்டியிருப்பாங்க, கண்ணாடி கவுன்டர் இருக்கும், ரசீது குடுப்பாங்க, ரேட் கொஞ்சம் கம்மியா இருக்கும், அங்க போங்க.

அப்புறம் நோட்டுல இருக்கற அந்த சைபர் குழப்பம். லட்ச ரூப்பியா சிவப்பு, 10 ஆயிரம் ஊதா, 20 ஆயிரம் பச்ச, 2 ஆயிரம் சாம்பல். அப்பா அம்மா கையில காசு குடுக்கறீங்கன்னா முதல் நாளே உக்கார வெச்சு கலர் சொல்லி குடுத்துடுங்க. எங்கப்பா இளநீருக்கு 20 ஆயிரம்னு நெனச்சு ரெண்டு லட்சத்த நீட்டிட்டாரு, அந்த கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே திருப்பி குடுத்தான், எல்லாரும் குடுக்க மாட்டாங்க.

ஈப்போ பெரியப்பா:

நான் மலேசியா, எங்களுக்கு பாலி மூணு மணி நேர பயணம்தான், ஏழெட்டு தடவ போயாச்சு. நித்து கேட்ட அந்த "ஜம்ப்ரெட்"னா வண்டில வந்து பிடுங்கறவன். எங்க ஊர்ல அத "ராகுட்"னு சொல்வாங்க. பாக்கெட் அடிக்கறவன் "சொப்பேட்". "தோலோங்"னு கத்துனா உதவி கேக்கறோம்னு அர்த்தம், ஆனா வெறும் தோலோங்க விட "ஜம்ப்ரெட்"னு கத்துனா அந்த தெருவே ஓடி வரும் லா, அங்க கிராமத்து காவலுக்கு பெச்சாலாங்னு ஆளுங்க இருக்காங்க, கருப்பு வெள்ள கட்டம் போட்ட சாரோங் கட்டியிருப்பாங்க, திருடன் மாட்டுனா பாவம் அவன்.

எங்க ஆளுங்களுக்கு மோட்டர் ராகுட் பழகிப்போன விஷயம், அதனால சின்ன வயசுலயே சொல்லி குடுத்துடுவாங்க. வண்டி வர்ற திசைய பாத்து நடக்கணும், முதுக காட்டி நடக்க கூடாது. பை சுவத்துப் பக்கத்து தோள்ல. மேப் பாக்கணும்னா கடைக்குள்ள ஏறி நின்னு பாரு, பாத்துட்டு ஃபோன உள்ள வெச்சுட்டு நட. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தா ஹேண்டில்ல ஃபோன மாட்டி வெக்காத, சிக்னல்ல நிக்கும்போது உருவிட்டு போய்டுவான், முன்னாடி கூடைல பைய வைக்காத. பைய குறுக்கால மாட்டுனா பாதுகாப்புன்னு நெறய பேர் சொல்வாங்க, எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல, வார் அறுந்தா பை போகும், அறுகலன்னா நீ போவ. அவர் பாத்த வீடியோல அந்தம்மா உருண்டதே அப்படித்தான் இருக்கும். பைல பறிகொடுக்க முடியாத எதையும் வைக்காத, இழுத்தா விட்டுடு.

பீச் கேட்டாரு. அஞ்சு பேர் போறீங்க, ஒரே நேரத்துல அஞ்சு பேரும் ஏன் தண்ணிக்குள்ள இறங்கணும்? அப்பா கண்டிப்பா இறங்க மாட்டாரு, அவர் கையில ஒரு இளநீர குடுத்து குடைக்கு கீழ உக்கார வைங்க. அங்க பீன் பேக் நாற்காலிய வாடகைக்கு விடறவன் நாள் முழுக்க அங்கயேதான் நிப்பான், அவன்கிட்ட காலையிலேயே சிரிச்சு பேசி வெச்சுக்குங்க. ஆனா வளையல் விக்கறவங்க, மசாஜ்னு கேக்கறவங்க நாலஞ்சு பேரு ஒரே நேரத்துல சுத்தி உக்காந்தா பைய மடில எடுத்து வெச்சுக்குங்க, பெரும்பாலும் அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க, பிழைப்புக்கு வர்றவங்க, ஆனா கூட்டத்துல யார் கை யாருதுன்னு தெரியாது. வாட்டர்ப்ரூஃப் பவுச் கழுத்துல மாட்டிக்கிட்டு கடல்ல இறங்கறாங்க சில பேர், அந்த கடல் அலைக்கு அதெல்லாம் நிக்காது. பாலில வருஷா வருஷம் ஆள் முங்கறது திருட்ட விட பெரிய பிரச்சன, சிவப்பு கொடி நட்டிருந்தா பையன இறக்காதீங்க, அத தனியா சொல்றேன்.

சூலூர்க்காரன்:

அடேங்கப்பா ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நித்து அக்கா எழுதுனத அப்படியே அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், "கயிறுதான் ஒரிஜினல்" கேட்டதும் ஒண்ணும் பேசல, உள்ள போயிட்டாங்க, அது பாதி சம்மதம்னு நெனக்கறேன். வில்லாவுல பாஸ்போர்ட் வெச்சுட்டு போலாமாங்க? ஃபோட்டோல பாத்தா எல்லாம் கண்ணாடி கதவா இருக்குது, சுவரே இல்லாத ஹால் வேற.

டென்பசார் சட்டி:

நான் இங்கதான் நாலு வருஷமா ஒரு ஓட்டல் கிச்சன்ல இருக்கேன், பூர்வீகம் பட்டுக்கோட்டை. வில்லா பத்தி கேட்டதால எழுதறேன்.

அந்த சுவர் இல்லாத ஹால்தான் பிரச்சனையே. ஃபோட்டோக்கு அழகா இருக்கும், ஆனா ராத்திரி நீங்க தூங்கறப்ப அந்த ஹால் சோபாவுல சார்ஜ் போட்ட ஃபோன், லேப்டாப், கைப்பை எல்லாம் வெளில கிடக்கற மாதிரிதான். வயக்காட்டு பக்கம் சுவர் குட்டையா இருக்கும், ஏறி குதிச்சு எடுத்துட்டு அதே வழில போய்டுவான், நீங்க பத்தடி தள்ளி ஏசி ரூம்ல தூங்கிட்டு இருப்பீங்க. தூங்கப் போறப்ப எல்லாத்தையும் பெட்ரூமுக்குள்ள எடுத்துட்டு போய் தாள் போட்டுடுங்க. தள்ளுகதவு கொக்கி சில இடத்துல பிஸ்கட் மாதிரி இருக்கும், கீழ ஓடற பள்ளத்துல ஒரு கட்டைய போட்டா திறக்காது, வீட்டுக்காரங்கிட்ட கேட்டா துடப்பக்கட்ட குச்சியாவது குடுப்பான்.

லாக்கர் இருந்தா முதல்ல அத ரெண்டு கையாலயும் தூக்கி பாருங்க. சிரிக்காதீங்க, பாதி வில்லாவுல அத அலமாரில சும்மா வெச்சிருப்பாங்க, ஸ்க்ரூ போட்டிருக்க மாட்டாங்க, அப்படியே பெட்டியோட தூக்கிட்டு போய்டலாம். இறுக்கி மாட்டியிருந்தா பாஸ்போர்ட், கூடுதல் காசு, ரெண்டாவது கார்டு அதுல வைங்க. வெளில போறப்ப பாஸ்போர்ட் ஜெராக்ஸும் விசா ஃபோட்டோவும் போதும். ஸ்கூட்டர் வாடகைக்காரன் பாஸ்போர்ட்ட அடமானமா கேப்பான், குடுக்காதீங்க, ரெண்டு மூணு லட்ச ரூப்பியா டெபாசிட் வாங்கிக்கறவன் அடுத்த கடையில இருப்பான். அவன் கைக்கு போச்சுன்னா வண்டில ஏற்கனவே இருந்த கீறலுக்கெல்லாம் நீங்கதான் காசு. அதுவுமில்லாம டூவீலருக்கு இன்டர்நேஷனல் லைசென்ஸ் இல்லன்னா போலீஸ் பிடிச்சா ஃபைன், விழுந்தா இன்சூரன்ஸும் வராது, ஆறு பேர் உக்கார்ற வண்டிய டிரைவரோட எடுத்துக்குங்க.

பாஸ்போர்ட் உண்மையாவே போய்ட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சா அத எவ்வளவு பத்திரமா வெக்கணும்னு தானா தெரியும். முதல்ல போல்செக், அதாவது அந்த ஏரியா ஸ்டேஷன், போய் ரிப்போர்ட் எழுதணும் (அவசரம்னா 110 போலீஸ் நம்பர்). அந்த பேப்பர எடுத்துக்கிட்டு டென்பசார்ல ரெனான்ல இருக்கற இந்தியன் கான்சுலேட். அங்க எமர்ஜென்சி சர்டிபிகேட் குடுப்பாங்க, அது ஊருக்கு திரும்பறதுக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் இமிக்ரேஷன் ஆபீஸ், நீங்க விசா வாங்கி முறையா உள்ள வந்தீங்கன்னு பாத்து வெளில போக பேப்பர் குடுக்கணும். நடுவுல சனி ஞாயிறு இல்லன்னா இங்க ஏதாவது பண்டிகை வந்துச்சுன்னா முடிஞ்சுது, ஃப்ளைட் போய்டும். இங்க பண்டிகைக்கு பஞ்சமே இல்ல. பாஸ்போர்ட்டோட முதல் பக்கம் கடைசி பக்கம், விசா, ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ இதெல்லாம் மெயில்லயும் வெச்சுக்குங்க காகிதத்துலயும் வெச்சுக்குங்க. ஃபோன் போனாலும் போலீஸ் ரிப்போர்ட் வாங்குங்க, கண்டுபிடிச்சு குடுப்பாங்கன்னு இல்ல, அது இல்லாம இன்சூரன்ஸ்காரன் பேசவே மாட்டான். பீச்ல சும்மா விட்டுட்டு போன சாமானுக்கு நெறய பாலிசில காசு கிடையாது, அதயும் படிச்சு பாருங்க.

ஏடிஎம் தெருவோர கூண்டுல எடுக்காதீங்க, பேங்குக்கு உள்ள இருக்கறதுல எடுங்க, கார்டு நகல் எடுக்கற வேல இங்க ரொம்ப நாளா இருக்கு. சில மெஷின்ல காசு முதல்ல வரும், கார்டு அப்புறம்தான் வரும், நம்மாளுங்க காசு வந்த சந்தோஷத்துல கார்ட விட்டுட்டு போறத நானே பாத்திருக்கேன், அதுக்கு திருடனே தேவையில்ல.

கடைசியா ஒரு திருடன், இவன்தான் பாலிலயே பெரிய ஆள். உலுவாட்டு கோயில் குரங்கு. கண்ணாடி, செருப்பு, ஃபோன், தொப்பி, எதையும் விடாது. எடுத்துட்டு போய் சுவத்து மேல உக்காந்து உங்களையே பாக்கும், பழமோ பிஸ்கட்டோ குடுத்தாத்தான் கீழ போடும். இது சும்மா கத இல்ல, கனடா லெத்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி ஆளுங்க வந்து இந்த குரங்குங்கள வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி 2021ல கட்டுரையே போட்டாங்க, வயசான குரங்குக்கு எந்த பொருளுக்கு மனுஷன் அதிகமா பதறுவான்னு தெரியுமாம், அத பாத்து எடுக்குமாம், ஃபோனுக்கு ஒரு முட்டையோ ரெண்டோ சேத்து கேக்குமாம். அப்பா கண்ணாடி போடறவருன்னா கயிறு கட்டி விடுங்க, இல்லன்னா கோயிலுக்குள்ள மட்டும் கழட்டி உள்பாக்கெட்ல வெச்சுக்கட்டும். குரங்கு எடுத்துட்டா பின்னாடி ஓடாதீங்க, கோயில் ஆளுங்க நிப்பாங்க, அவங்க பேரம் பேசி வாங்கி குடுப்பாங்க, கையில கொஞ்சம் காசு குடுங்க.

மத்தபடி இந்த ஊர் சனங்க நல்லவங்க. தண்ணி தம்பி சொன்ன ஹெல்மெட் கத நெசம்தான். கர்ம பலன்னு ஒண்ணு இருக்குன்னு நம்பறவங்க. கூட்டம் கூடற நாலு தெருவுலதான் வில்லங்கம்.

தாமிரபரணி தண்ணி:

சரி ஒத்துக்கிடுதேன், நான் போனப்ப எங்கிட்ட திருடறதுக்கும் ஒண்ணும் இல்ல, 4000 ரூவா ஃபோனு. அந்த குரங்கு என் செருப்ப எடுத்துட்டு மோந்து பாத்துட்டு திரும்ப வெச்சிட்டு போச்சு, அத இப்பதான் சொல்லுதேன்.

கணக்குப்பிள்ளை:

😂😂 முட்டைக்கு கூட தேறல

சூலூர்க்காரன்:

எல்லாரும் எப்படி ஆச்சுன்னு கேட்டு மெசேஜ் போட்டிருந்தீங்க, ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சுங்க, இப்பதான் நேரம் கிடைச்சுது.

அம்மா மஞ்சக்கயித்தோடதான் வந்தாங்க. ஆனா பாருங்க, பின்னாடி ஸ்கூட்டர் சத்தம் கேட்டா போதும், கை தானா கழுத்துக்கு போயிரும், இல்லாத கொடிய பொத்திக்கிட்டு சுவத்தோரம் ஒதுங்கி நின்னுக்குவாங்க. ஏழு நாளும் அப்படித்தான். பையன் அத பாத்து அவனும் கழுத்த பொத்த ஆரம்பிச்சுட்டான். மணி சேஞ்சர்கிட்ட அப்பாவ விட்டேன், அவரு மில்லுல 30 வருஷம் சம்பளம் எண்ணி குடுத்தவரு, நோட்ட எண்ணி முடிச்சதும் அந்தாளு கைய நீட்டுனான், அப்பா தமிழ்லயே "எண்ணியாச்சு கண்ணு"ன்னு சொல்லி பைல போட்டுக்கிட்டாரு. குரங்குக்கிட்டயும் கண்ணாடி தப்பிச்சுது, கயிறு கட்டியிருந்தோம்.

திருட்டு ஒண்ணும் போகல. ஆனா நாங்களே தொலச்சோம். சட்டி அண்ணா சொன்ன மாதிரி லாக்கர தூக்கி பாத்து, ஸ்க்ரூ இருக்கறத கன்ஃபர்ம் பண்ணி, அஞ்சு பாஸ்போர்ட்டையும் 500 டாலரையும் ஒரு கவர்ல போட்டு பூட்டி வெச்சனுங்களா, அத அங்கயே விட்டுட்டு உபுட் போய்ட்டோம். உபுட் ரிசப்ஷன்ல பாஸ்போர்ட் கேக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு கை காலெல்லாம் சில்லுனு ஆயிருச்சு, கான்சுலேட், ஞாயித்துக்கிழம, ஃப்ளைட் எல்லாம் ஒரே செகண்டுல கண்ணு முன்னாடி ஓடுது. வில்லாவுக்கு ஃபோன் போட்டா அங்க கூட்டி பெருக்கற தம்பி கவர ஏற்கனவே எடுத்து வெச்சுட்டு எங்க நம்பர தேடிக்கிட்டு இருந்திருக்கான். அவனே ஸ்கூட்டர்ல ஒண்ணேகால் மணி நேரம் ஓட்டிட்டு வந்து குடுத்தான், கவர் ஒட்டுனது ஒட்டுனபடி இருக்குது. காசு குடுத்தா வாங்க மாட்டேங்கறான். அம்மா பெட்டிய திறந்து எங்களுக்குன்னு சுட்டு எடுத்துட்டு வந்த முறுக்கு டப்பாவ அப்படியே தூக்கி குடுத்துட்டாங்க, அத வாங்கிக்கிட்டான். மிச்ச நாலு நாளும் எங்களுக்கு முறுக்கு இல்ல.

டென்பசார் சட்டி:

அடுத்த தடவ லாக்கர்ல பாஸ்போர்ட் வைக்கறப்ப போட்டுக்கிட்டு கிளம்ப வேண்டிய செருப்புல ஒத்த செருப்ப கூடவே உள்ள வெச்சு பூட்டிருங்க. நாங்க ஓட்டல்ல கெஸ்டுக்கெல்லாம் அததான் சொல்றது. ஒத்த கால்ல யாரும் செக்அவுட் பண்ண மாட்டாங்க.